முதலில் அக்கம்பக்கம்

எங்கள் ஆய்வகத்தில் அவளுக்குப் பழுப்பு என்று பெயர். வைத்தது நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யாருக்காவது பட்டப்பெயர் வைக்காவிட்டால் எனக்குப் பொழுது போகாது. பெரிய டாக்டருக்கே ஒன்று வைத்திருக்கிறேன், அதை இங்கே எழுத முடியாது.

அவள் நாள் முழுக்கக் கண்ணாடித் துண்டுகளில் பழுப்பு நிறத்தைத்தான் தேடிக்கொண்டிருப்பாள். காலையில் கோட்டை மாட்டும்போதே, "பழுப்பு வந்தா நல்ல நாள், வராட்டி குப்புறப் படுத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டுதான் மாட்டுவாள். பல வருஷமாக அவள் மேசையும் என் மேசையும் ஒட்டியே கிடக்கின்றன. அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது அவள் அண்ணனின் கட்டி வந்த அன்றுதான் தெரிந்தது.

முதலில் எங்கள் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையின் பின்பக்கம், படிக்கட்டுக்குக் கீழே, ஜன்னல் இருந்தும் வெளிச்சம் வராத அறை எங்களுடையது. அறுவையில் எடுத்த கட்டிகள் அங்கே வரும். மெழுகில் புதைத்த சதையை நான் இயந்திரத்தில் பூட்டி, ஊதினால் பறக்கிற சீவலாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்திக் கொடுப்பேன். அதற்குமேல் பழுப்பின் ராஜ்யம். கண்ணாடிகளைக் குக்கரில் வைத்து வேகவிடுவாள். ஆமாம், அடுப்படியில் இருக்கிற அதே பிரஷர் குக்கர்தான். மருந்தில் ஊறி இறுகிக் கிடக்கிற புரதங்கள் அந்தச் சூட்டில்தான் இளகும். புதிதாக வருகிறவர்கள் நாங்கள் மதியச் சாப்பாடு சமைப்பதாக நினைத்து மூக்கை உறிஞ்சுவார்கள். பிறகு அவள் ஆன்டிபாடியைச் சொட்டுவிடுவாள். ஒவ்வொரு புரதத்துக்கும் தனித்தனி ஆன்டிபாடி உண்டு. தன் புரதம் இருந்தால் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடம் பழுப்பாகும். இல்லையென்றால் பின்னால் போடுகிற நீலச் சாயம் மட்டும்தான் மிஞ்சும்.

குடல் கட்டி வந்தால் நாலு கண்ணாடி, நாலு புரதம். நாலுமே டிஎன்ஏவைப் பழுதுபார்க்கிற வகையைச் சேர்ந்தவை. ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் தன்னிடம் இருக்கிற டிஎன்ஏ இழை முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எடுத்தாலும் அங்கங்கே ஓர் எழுத்து மாறிப்போகும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு புரதங்கள் கைகோத்து, இழையை வளைத்துப் பிடித்துக்கொண்டு, அதன்மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். பொருந்தாத எழுத்து இருக்கிற இடத்தில் இழை தளர்ந்து சட்டென்று மடங்கும். அங்கே அந்த ஜோடி நின்றுவிடும், நின்று இன்னொரு ஜோடியை அழைக்கும். வந்த ஜோடி பழைய இழையைத் தொடாது. புதிதாக எழுதிய இழையில் மட்டும் ஒரு வெட்டுப் போடும். பிறகு வேறு சில புரதங்கள் வந்து தப்பான துண்டை உரித்து எறிந்துவிட்டு, பழையதைப் பார்த்துத் திரும்ப எழுதும்.

இவற்றுக்கு வாயில் நுழையாத எழுத்தும் எண்ணுமாகப் பெயர்கள் இருக்கின்றன. பழுப்பு அவற்றை 'தேடுற ஜோடி', 'வெட்டுற ஜோடி' என்று சுருக்கிவிட்டாள். பட்டப்பெயர் வைப்பதில் எனக்கே போட்டி. "தேடுற ஜோடியில பெரியவ போயிட்டா சின்னவளும் தாங்க மாட்டா. கைகோக்க ஆளில்லாம துவண்டு கிடப்பா, செல்லு அவளையும் குப்பையில போட்டுடும். அதனால ரெண்டும் சேந்து காணாமப் போனா, போனது பெரியவதான்" என்பாள். அதைச் சொல்லும்போது யாரோ பக்கத்து வீட்டுக் குடும்பக் கதையைச் சொல்கிற மாதிரி இருக்கும்.

இந்த ஜோடிகளில் ஒன்று கட்டியில் இல்லையென்றால், எழுத்துப் பிழைகள் திருத்த ஆளில்லாமல் குவிந்து குவிந்துதான் அந்தக் கட்டி வந்திருக்கிறது. அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல், அந்தக் குறை பிறவியிலேயே, அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்திருக்கலாம் என்பது. அதாவது கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கலாம், பிள்ளைகளுக்கும் இருக்கலாம். ஒரு கண்ணாடி நீலமாக வந்தால் ஒரு வீடே கலங்கும்.

அதனால்தான் பழுப்புக்கு ஒரு சட்டம். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் கட்டியைப் பார்க்கக் கூடாது. கட்டியைச் சுற்றி இருக்கிற நல்ல செல்களை முதலில் பார்க்க வேண்டும். அவை பழுப்பாக இருந்தால் சாயம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம், அதற்குப் பிறகு கட்டியைப் பார்க்கலாம். அக்கம்பக்கமே நீலமாகக் கிடந்தால் அந்தக் கண்ணாடி எதுவுமே சொல்லவில்லை. கோளாறு நோயாளியிடம் இல்லை, எங்களிடம். "முதல்ல அக்கம்பக்கம் பாரு" என்பதை அவள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வாள் என்று கணக்கே இல்லை. எனக்குக் கனவில்கூட அந்தக் குரல் கேட்டிருக்கிறது.

வேலையில் இவ்வளவு கறாராக இருக்கிறவள் மற்றதில் சரியான பயந்தாங்கொள்ளி. நாய்க்குப் பயம். கேஸ் அடுப்புக்குப் பயம், பூட்டிவிட்டுப் பாதி வழி வந்து திரும்பிப் போவாள். வேலை நேரத்தில் போன் அடித்தால் பயம். லிஃப்ட்டுக்குப் பயம். இத்தனைக்கும் அவள் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக், எங்கள் கட்டடத்து லிஃப்ட்டையும் அவர்தான் பார்க்கிறார். "உன் அண்ணன் கை வச்ச லிஃப்ட்டுல கூட ஏற மாட்டியா?" என்று கேட்டால், "அவன் கை வச்சதாலதான் ஏற மாட்டேன்" என்று மூச்சு வாங்கப் படியேறுவாள். நானும் சிரிப்பேன். அந்தப் பயமெல்லாம் ஒரே பயத்தின் கிளைகள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அண்ணனுக்கு வயிற்றில் அறுவை என்று மட்டும் சொல்லி லீவு போட்டிருந்தாள். திரும்பி வந்த அன்று ஒரு மெழுகுக் கட்டையை என் முன்னால் வைத்தாள். எண் மட்டும்தான் ஒட்டியிருந்தது.

"நாலும் வெட்டிக் குடு."

"வரிசைல வரட்டும். எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு."

"இதை மொதல்ல குடு."

அவள் குரல் மாறியிருந்ததால் நிமிர்ந்து பார்த்தேன். பேயறைந்த மாதிரி நின்றாள். "யாருது?" என்றேன்.

"அண்ணனோடது. குடல்ல கட்டி." கட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு, "அப்பாவுக்கும் அங்கதான்" என்றாள். "நான் ஸ்கூல் படிக்கிறப்போ. அத்தைக்குக் கர்ப்பப்பையில. தாத்தாவுக்கும் வயிறுன்னுதான் சொல்லுவாங்க. எங்க வீட்டுல அதுக்குப் பேரே 'நம்ம வீட்டு வயிறு'. வேளாவேளைக்குச் சாப்பிடலைன்னு அம்மா சொல்லும். யாரும் அதுக்கு மேல கேக்கல."

குடலும் கர்ப்பப்பையும் ஒரே குடும்பத்தில், இள வயதில். இதைக் கேட்டால் எங்கள் அறையில் யாருக்கும் மேலே விளக்க வேண்டியதில்லை. இத்தனை வருஷம் இவள் அந்த நாலு கண்ணாடிகளை ஊருக்கெல்லாம் போட்டுக் கொடுத்துக்கொண்டு, தன் வீட்டைப் பற்றி மூச்சே காட்டாமல் இருந்திருக்கிறாள்.

"உனக்குத் தெரியுமா இது என்னவா இருக்கும்னு?" என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி.

"தெரியாமயா? நான் இங்க சேந்த புதுசுலயே தெரியும். தெரிஞ்சுக்க வேண்டாம்னு இருந்தேன்." பிறகு, "என் பொண்ணுகிட்ட ஒண்ணும் உளறிடாத" என்றாள். மகள் கல்லூரியில் படிக்கிறாள், சாயங்காலங்களில் சில நாள் அம்மாவை அழைத்துப்போக வருவாள்.

"சாயம் நான் போடறேன். நீ வெளிய உக்காரு."

"வேண்டாம். உனக்குக் கை நடுங்கும்."

அவள் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுத்தேன். அவளைவிட நன்றாகச் சாயம் போட எங்கள் அறையில் ஆள் கிடையாது, அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சீவலை எடுக்கும்போது என் மூச்சுக்காற்று பட்டுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த மனிதரோடு நான் மாடிப்படி வளைவில் நின்று எவ்வளவோ தடவை வம்பளந்திருக்கிறேன். அவர் வயிற்றுக்குள் இருந்தது இப்போது என் வெந்நீரில் மிதந்தது.

அன்று அவள் யாரோடும் பேசவில்லை. குக்கர் விசில் அடித்தபோது தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். நடுவில் இரண்டு முறை போன் அடித்தது, இரண்டு முறையும் கையிலிருந்ததை வைத்துவிட்டு ஓடினாள். கடைசியில் கண்ணாடிகளைத் தட்டில் அடுக்கி, மைக்ராஸ்கோப்பின் முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் என் மேசையிலிருந்து அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கண்ணாடி, இரண்டாவது கண்ணாடி. முதுகு அசையவில்லை. மூன்றாவதை வைத்தாள், உடனே எடுத்துவிட்டாள். நான்காவதையும் வைத்த வேகத்தில் எடுத்தாள். எழுந்து, என்னைத் தாண்டி, கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டுக்குப் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து மூன்றாவது கண்ணாடியை வைத்தேன். நீலம். தேடுற ஜோடியில் பெரியவள். நான்காவதும் நீலம், சின்னவள். வெளியே அவள் போனில் பேசுவது கதவு வழியாகக் கேட்டது. "அண்ணா, நம்ம வீட்டுதுதான்ணா. அப்பாவோடதுதான்."

ஏன் திரும்பவும் பார்த்தேன் என்று கேட்டால், அவள் சட்டம் காதில் ஊறிப்போனதால்தான். கண்ணாடியை நகர்த்திக் கட்டியின் ஓரத்துக்கு வந்தேன். நல்ல குடல் செல்கள் வரிசையாக நின்றன. நீலம். பக்கத்தில் வழக்கமாகக் கும்பலாக நிற்கிற வெள்ளையணுக்கள், எந்த மோசமான நாளிலும் பழுப்பாக வருபவை. அவையும் நீலம். ஒரு செல்கூடப் பழுப்பாக இல்லை.

எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். தேடுற ஜோடிக்கான இரண்டு ஆன்டிபாடிக் குப்பிகளும் முந்தின நாள் நான் அடுக்கி வைத்த இடத்தில், முந்தின நாள் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் இருந்தன. கழுவுகிற திரவத்தையே ஆன்டிபாடியென்று நினைத்துச் சொட்டுவிட்டிருக்கிறாள். முதல் ஜோடிக் கண்ணாடிகளை முடித்தபோது போன் அடித்திருக்கும், ஓடியிருப்பாள், திரும்பி வந்து கைக்கு எட்டிய சொட்டுக்குழாயை எடுத்திருப்பாள்.

படிக்கட்டில் அவள் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கம்பக்கம் பாத்தியாடி?" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை கேட்டேன். என்னையே வெறித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "இல்ல" என்றாள். "நேரா கட்டிக்குத்தான் போனேன்."

ஊருக்கெல்லாம் சொன்னவள். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. "குப்பி ஃப்ரிட்ஜிலயே இருக்கு. நீ தண்ணியச் சொட்டிட்டு வீட்டுக்கு எழவு சொல்லியிருக்க" என்று கத்திவிட்டேன். என் வாய் அப்படித்தான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு நிற்கவே இல்லை. உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள். "அண்ணா, தப்பாச் சொல்லிட்டேன். சாயம் ஏறல. இன்னும் ஒண்ணும் தெரியாது." மறுபக்கம் அவர் என்ன சொன்னாரோ, "சரிண்ணா, திட்டு, நல்லாத் திட்டு" என்றாள்.

தெரியாது என்பதற்கும் இல்லை என்பதற்கும் உள்ள வித்தியாசம் எங்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் அன்று சாயங்காலம் அவள் 'குறை இல்லை' என்றே கேட்ட மாதிரி நடந்துகொண்டாள். குக்கரைத் தேய்த்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அந்தப் பாட்டைக் கேட்கக் கேட்க எனக்குப் பயம் கூடிக்கொண்டே போனது.

இரண்டாம் முறை நானே போட்டேன். அவளை அறைக்குள் விடவில்லை, வெளியே படிக்கட்டில் உட்கார வைத்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு குப்பியின் பெயரையும் வாய்விட்டுப் படித்துச் சொட்டினேன். சாயம் ஏறிக் கழுவி முடித்தபோது என் கோட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது கண்ணாடியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பிறகு ஓரத்துக்குப் போனேன். அக்கம்பக்கம் முழுக்க நல்ல டிகாஷன் போலப் பழுப்பு. வெள்ளையணுக்கள், குடல் செல்கள் எல்லாம். இதைவிட அழகாகச் சாயம் ஏறி நான் பார்த்ததில்லை. அப்படியே கண்ணாடியை மெல்ல நடுவுக்கு நகர்த்தினேன். பழுப்பு ஒரு கோட்டில் நின்றுவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் கட்டி, வெறும் நீலமாக, கண்ணுக்கு எட்டிய வரை கிடந்தது.

பெரிய டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஓரத்தைப் பார்த்தார், நடுவைப் பார்த்தார், நான்காவதையும் பார்த்தார். "சந்தேகமே இல்ல" என்றார். "பெரியவளும் சின்னவளும் சேந்தே போயிருக்காங்க. அவகிட்ட நான் சொல்லட்டுமா?" நானே சொல்கிறேன் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்னமும் தெரியாது.

கதவைத் திறந்ததும் பழுப்பு எழுந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல், என் கையைப் பார்த்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அக்கம்பக்கம்?"

"பழுப்பு" என்றேன். "நல்லா ஏறியிருக்கு."

அதற்குமேல் அவளுக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டி பழுப்பாக இருந்திருந்தால் நான் கதவைத் திறக்கும் முன்னாலேயே கத்தியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். திரும்பப் படியில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் அழுகை வரவில்லை.

மூன்றாவது முறையாக அண்ணனுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போடு என்று நான்தான் சொன்னேன், அவளால் போனைக் காதில் பிடிக்க முடியவில்லை. அவர் ஆஸ்பத்திரிப் படுக்கையில், தையல் போட்ட வயிற்றோடு, மெதுவாகப் பேசினார்.

"முதல் தடவை சொன்னப்பவே நான் முடிவு பண்ணிட்டேன். ரெண்டாவது நீ சொன்னது உனக்கு ஆறுதலா இருந்துச்சேன்னு பேசாம இருந்தேன். அது எப்படி வருதுன்னு மட்டும் எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

அவள் சொன்னாள். ஒவ்வொரு புரதத்துக்கும் நம்மிடம் இரண்டு செய்முறை உண்டு, அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. அப்பா தந்தது பிறக்கும்போதே கெட்டது. அம்மா தந்ததை வைத்தே உடம்பு முழுக்கச் சமாளித்துக்கொண்டிருந்தது, அதனால்தான் அக்கம்பக்கமெல்லாம் பழுப்பு. குடலில் ஏதோ ஒரு செல்லில் அதுவும் கெட்டுப்போனது. அன்றிலிருந்து அந்த ஒரு செல்லில் பிழை திருத்த ஆளில்லை.

"அப்போ ரெண்டு கயிறு போட வேண்டிய லிஃப்ட்டு. நான் பொறந்ததுலேருந்து ஒத்தக் கயித்துல ஓடிருக்கு" என்றார் அவர்.

"ஆமாண்ணா."

"உனக்கு எத்தனை கயிறு?"

இத்தனை வருஷத்தில் அவளிடம் அதை யாரும் கேட்டதில்லை. அவளே தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை.

"பாதிக்குப் பாதி" என்றாள் கடைசியில்.

"பாத்தியா?"

"பாக்க மாட்டேன்."

"கயிறைப் பாக்காம ஒருத்தன் லிஃப்ட்டை ஓட்டினா நான் அவனை என்ன பண்ணுவேன் தெரியுமா?" என்றார். அதற்குமேல் பேச அவருக்கு மூச்சு இல்லை.

அவள் அதற்குப் பிறகும் மாசக்கணக்கில் இழுத்தடித்தாள். இந்தக் குறை பிறவியிலேயே இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுக்கிற அறை எங்கள் அறைக்கு மேல் மாடியில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போவாள். மதியம் சாப்பாட்டை வைத்துக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருப்பாள். லேசாக வலித்தால் முகம் வெளுத்துவிடும், வலிக்காவிட்டால் ஏன் வலிக்கவில்லை என்று கலங்குவாள். "பாத்துட்டா ஒரு பயம். பாக்காட்டி தினம் நூறு பயம்" என்று நான் சொன்னால், "உனக்கென்ன, உங்க அப்பா நாய் துரத்தித்தானே செத்தாரு" என்பாள். என் அப்பா நன்றாக இருக்கிறார். அவளுக்கு எரிச்சல் வந்தால் என் வீட்டு ஆட்களைக் கொல்வது வழக்கம்.

ஒரு நாள் லிஃப்ட் பார்க்க வந்த அண்ணன் நேராக எங்கள் அறைக்கு வந்துவிட்டார். அறுவைக்குப் பிறகு பாதி ஆளாகியிருந்தார், பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருந்தார். "வா" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அவள் கோட்டைக் கழற்றாமலே எழுந்தாள். லிஃப்ட்டின் முன்னால் நின்று அவர் கதவைத் திறந்து பிடித்தார். அவள் படிக்கட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஏறிவிட்டாள். ஊசி குத்தும்போது அவர் அவள் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக ரத்தம் எடுத்த பெண் பிறகு சொன்னாள்.

வந்த முடிவைப் பெரிய டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். அவளுக்கும் ஒற்றைக் கயிறுதான். வெளியே வந்தவள் என்னிடம், "வந்துடுச்சு" என்று மட்டும் சொன்னாள். அழுவாள் என்று பார்த்தேன். அழாமல், அன்று வைத்திருந்த கண்ணாடிகளுக்கெல்லாம் சாயம் போட்டு முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். அவளுக்குப் பதிலாக எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

கேமரா வைத்த குழாயை விட்டுக் குடலைப் பார்த்தார்கள். மகளிடம் வாயுத் தொல்லை என்று சொல்லியிருந்தாள். மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பாடப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரே ஒரு சின்னச் சதை, மணி மாதிரி. இன்னும் கட்டி ஆகவில்லை, ஆகிற வழியில் இருந்தது. அங்கேயே கம்பியால் கிள்ளி எடுத்துவிட்டார்கள். அது மெழுகில் புதைந்து, எண் ஒட்டி, என் மேசைக்கு வந்தது. ஒரு மிளகு அளவுகூட இல்லை. அதை வெட்டும்போதும் வாயைப் பொத்திக்கொண்டேன், இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

அதற்கும் சாயம் நான்தான் போட்டேன். பார்த்தேன். பெரிய டாக்டரும் பார்த்தார். என்ன என்று அவளிடம் சொன்னோம். வருஷா வருஷம் இப்படியே குழாய் விட்டுப் பார்த்து, முளைக்க முளைக்கக் கிள்ளி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், கர்ப்பப்பையையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, "அந்தக் கண்ணாடிய இன்னும் ஒரு நாள் மைக்ராஸ்கோப்புல வச்சிருக்கலாமா?" என்று கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம் மகள் அழைத்துப்போக வந்தபோது, பழுப்பு அவளை வாசலிலேயே நிறுத்தி வைக்கவில்லை. உள்ளே கூட்டிவந்து தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். அந்தப் பெண்ணுக்கு ஆச்சரியம். அம்மா ஒரு நாளும் அவளை உள்ளே விட்டதில்லை, நோய் தொற்றிவிடும் என்பாள், மெழுகு நாறும் என்பாள். நான் வெளியே போகப் பார்த்தேன். பழுப்பு என் கோட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"இதுல பாரு" என்றாள் மகளிடம். "நடுவுல இருக்கிறதப் பாக்காத. முதல்ல அக்கம்பக்கம் பாரு."

மகள் குனிந்தாள். "எல்லாம் பழுப்பா இருக்கும்மா."

"அது நல்லது. அது எல்லாம் நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். இப்ப நடுவுக்குப் போ."

பழுப்பே குமிழைத் திருகி நகர்த்திக் கொடுத்தாள். மகள் கண்ணை இன்னும் ஒட்டிவைத்துப் பார்த்தாள். பிறகு, "இங்க நீலமா இருக்கு" என்றாள். "ஏன் இங்க மட்டும்?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இது யாரோடது?"

"என்னோடது" என்றாள் பழுப்பு. குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "மாமாவுக்கு வந்ததும் இதுதான், தாத்தாவுக்கு வந்ததும் இதுதான். அவங்களுக்கு உள்ளயே வளந்துடுச்சு. இது கண்ணாடியில இருக்கு. என் வயித்துல இல்ல."

மகள் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டித் துழாவி, அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு எப்போ பாக்கணும்?" என்று கேட்டாள்.